வேற வக்கீல் வேண்டாம்

— ரெண்டு மாசமா நீ வரல. ஒவ்வொரு வாரமும் முகம் கழுவி, சட்டைய நீவி விட்டுக்கிட்டு, எப்பக் கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருந்தேன்.

— அம்மா வந்தாங்களேப்பா.

— அம்மாகிட்ட சட்டம் பேச முடியுமா? அவ அந்தப் பக்கம் கண்ணாடியப் பாத்து அழுவா, நான் இந்தப் பக்கம் ரிசீவரப் பிடிச்சுக்கிட்டு உச்சுக் கொட்டுவேன். அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். சரி, விடு. வந்துட்டல்ல. பேனாவ எடு வக்கீலம்மா.

— பேனாவ வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க.

— அப்ப மனசுல ஏத்திக்க. கவனி. இங்க லைப்ரரில ஒரு பழைய தீர்ப்பு மாட்டிச்சு. அட்டை கிழிஞ்சு கிடந்துச்சு, நான்தான் ஒட்டி வச்சேன். கதவப் பூட்டினவன் யாருங்கிறது ஒரு கேள்வி. சாவி யார் பையில இருந்துச்சுங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் ஒண்ணாக் கட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கான். அப்படியே நம்ம கேஸு! படிக்கப் படிக்க எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு.

— நல்லதுப்பா.

— என்ன நல்லதுப்பா? தபால்காரர்கிட்ட சொல்ற மாதிரி சொல்ற. சரி, ஆரம்பத்துலேர்ந்து சொல்லு பாப்போம். என்னை ஜட்ஜுன்னு நெனச்சுக்க.

— இன்னிக்கு வேணாமேப்பா.

— வாரம் ஒருதரம் சொல்லிப் பாத்தாத்தான் நாக்குல நிக்கும். ஏற்கெனவே ரெண்டு மாசம் விட்டாச்சு. ம்... சொல்லு.

— என் கட்சிக்காரர் ஒரு துணிக் கிடங்குல மேற்பார்வையாளரா இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கிடங்குல தீப்பிடிச்சுது. பின்பக்கத்து அவசரக் கதவு பூட்டியிருந்துச்சு. உள்ள இருந்த காவல்கார அண்ணனால வெளிய வர முடியல. அவர்...

— இறந்தவர்னு சொல்லு. கோர்ட்டுல போய் அண்ணன் நொண்ணன்னுல்லாம் சொல்லக் கூடாது.

— எனக்கு அவர் அண்ணன்தானேப்பா. பள்ளிக்கூடம் விட்டு உங்களப் பாக்க வந்தா பென்சில் சீவிக் கொடுப்பார்.

— எனக்கு மட்டும் அவன் யாராம்? கூடப் பொறக்கல, அவ்வளவுதான். ஆனா கோர்ட்டுல மனச வெளிய வச்சுட்டுப் போகணும். மேல சொல்லு.

— சரக்கு திருட்டுப் போகுதுன்னு முதலாளிதான் அந்தக் கதவப் பூட்டச் சொன்னார். சாவியையும் அவரே எடுத்துட்டுப் போயிட்டார். ஆனா விசாரணையில, மேற்பார்வையாளர்தான் பூட்டினார், சாவி அவர்கிட்டதான் இருந்துச்சுன்னு சொன்னார். என் கட்சிக்காரருக்காக வந்த வக்கீல் குறுக்கு விசாரணையே பண்ணல. பத்து வருஷம் தண்டனை. நாலு முடிஞ்சுது.

— ஏன் பண்ணல? அதச் சொல்லு. அங்கதான் குரல ஏத்தணும்.

— ஏன்னா அந்த வக்கீல ஏற்பாடு பண்ணினதே முதலாளி.

— ஆங்! அப்படி! அந்த எடத்துல கோர்ட்டே ஒரு நிமிஷம் கப்சிப்னு ஆகணும். உனக்கு அந்தக் குரல் இருக்கு. சின்ன வயசுலயே பக்கத்து வீட்டுக்காரி கூட மாடிப்படி பெருக்குற சண்டையில உன்னைத்தானே முன்னாடி தள்ளுவா உங்கம்மா.

— லைப்ரரி, சத்தம் கொறை. பக்கத்து ஜன்னல்ல ஆள் பேசுறாங்கல்ல.

— சரிங்க சார். பாத்தியா, எனக்கு இங்க பேரே லைப்ரரின்னு ஆகிப்போச்சு. காவலர் அய்யாவே அப்படித்தான் கூப்பிடுறார்.

— அப்பா, அவர்கிட்ட ஒரு பேப்பர் கொடுத்திருக்கேன். உங்ககிட்ட கொடுப்பார்.

— என்ன பேப்பர்?

— இந்தா லைப்ரரி. ஆபீஸ்ல பாத்து முத்திரை வச்சாச்சு. கையெழுத்துப் போடணும்னா என் முன்னாடிதான் போடணும்.

— இரு... மூக்குக் கண்ணாடி எங்க... இது வக்காலத்துல்ல? யாரு இந்தம்மா?

— நான் வேலை பாக்குற ஜெராக்ஸ் கடைக்கு வருவாங்க. வக்கீல். மேல்முறையீடு மட்டும்தான் எடுப்பாங்க. உங்க கேஸ் கட்ட முழுசாப் படிச்சிட்டாங்கப்பா.

— வேற வக்கீல் வேண்டாம்.

— அப்பா...

— எத்தன தடவ சொல்றது? வேற வக்கீல் வேண்டாம். வேற கையில கொடுத்துத்தானே இங்க வந்து உக்காந்திருக்கேன்? கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு வந்து, தோள்ல கை போட்டு, நான் பாத்துக்குறேன் தைரியமா இருங்கன்னான். மத்தியானம் முதலாளியோட காருல ஏறிப் போனான். நான் போலீஸ் வண்டி ஜன்னல் வழியா என் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் வந்தவன் என் பேரையே மாத்திப் படிச்சான். ரெண்டு பேரையும் வேண்டாம்னு நானே எழுதிக் கொடுத்தேன். என் பொண்ணு படிச்சு வருவா, அவ வாதாடுவா, அதுவரைக்கும் தள்ளி வைங்கன்னு கோர்ட்டுக்கே எழுதினவன்டி நான்.

— அதுதாம்ப்பா பிரச்சினை. அந்த மேல்முறையீடு ரெண்டு வருஷமா அப்படியே தூங்குது. எடுக்குற நேரமெல்லாம் நீங்க தள்ளி வைக்கச் சொல்றீங்க. இன்னும் தள்ளினா நம்ம பக்கம் வக்கீலே இல்லாம எடுத்து முடிச்சிடுவாங்கன்னு மேடம் சொல்றாங்க.

— பயமுறுத்துறாங்க. கேஸ் பிடிக்கிற வித்தை அது.

— அவங்க லோடுமேன் மாமாவப் போய்ப் பாத்தாங்கப்பா.

— யாரு?

— அதான்... அன்னிக்கு சரக்கு எறக்கினாரே. முதலாளி சாவியச் சட்டைப் பையில போட்டதப் பாத்தேன்னு, காவல்கார அண்ணனக் கொண்டு போன ஆஸ்பத்திரியில வச்சு அம்மாகிட்ட சொன்னாரே, அந்த மாமா. அவர் ஊரையே மாத்திக்கிட்டுப் போயிட்டார். மேடம் விசாரிச்சு விசாரிச்சு, பஸ் பிடிச்சு, அவர் வேலை பாக்குற மார்க்கெட்டுக்கே போயிட்டாங்க. மூட்டைக்கு நடுவுல உக்காந்து பேசியிருக்காங்க. சாட்சி சொல்ல வரேன்னுட்டார்.

— வரேன்னானா? அவனா?

— நாலு வருஷமா யாராவது கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன், ஒருத்தரும் கேக்கலம்மான்னு சொன்னாராம்.

— ...அவன் ரொம்ப நல்லவன். மூட்டை தூக்குறப்ப பாடுவான். கேக்கவே சகிக்காது.

— அப்ப கையெழுத்துப் போடுங்கப்பா.

— இல்ல, இரு. கவனி. அவன் சாட்சி சொல்றான்னா இன்னும் நல்லதாப் போச்சு. நீ வந்து அவன விசாரிக்கணும். நீ கேக்கணும், அவன் சொல்லணும், நான் கூண்டுலேர்ந்து பாக்கணும். வேற எவளோ வந்து...

— அப்பா, நான் படிச்சு முடிக்கவே அஞ்சு வருஷம் ஆகும், பதிவு பண்ணி கேஸ் எடுக்க இன்னொரு வருஷம். அங்கி போட்டுக்கிட்டு நான் கோர்ட்டுக்கு வரப்ப நீங்க தண்டனை முடிச்சிட்டு வாசல்ல நின்னு என்னை வரவேப்பீங்க.

— நின்னுட்டுப் போறேன். பேராவது சுத்தமாகும்ல. இருப்பேன் நான். எனக்கு இங்க பழகிப்போச்சு. படிக்கிறேன், புத்தகம் ஒட்டுறேன். அஞ்சு வருஷம் என்ன, கண்ண மூடித் தொறந்தா போயிடும். அது கெடக்கட்டும். ரிசல்ட் வந்துடுச்சா? நுழைவுத் தேர்வு ரிசல்ட்? வந்த ஒடனே கேக்கணும்னு நெனச்சேன், பேச்சு எங்கெங்கயோ போயிடுச்சு.

— ம்.

— ம்னா? வந்துடுச்சா?

— வந்துடுச்சுப்பா.

— சொல்லேன்! என்ன நீ, கல்லு மாதிரி நிக்கிற. கெடச்சுதா?

— இல்லப்பா. இந்தத் தடவையும் இல்ல.

— எவ்வளவுல போச்சு?

— அது எதுக்குப்பா இப்ப.

— கொஞ்சத்துலதான் போயிருக்கும். போன தடவை மாதிரி. கவலப்படாத. அடுத்த தடவ புடிச்சிடலாம். எங்க தப்பு நடந்துச்சுன்னு பாக்கணும். அந்த டியூஷன் சரியில்ல, மாத்து. ஜெராக்ஸ் கடைக்குப் போறத நிறுத்து. அம்மாகிட்ட சொல்றேன், வீட்டுக்கு ஒருத்தரையும் விட வேண்டாம். டிவியத் தூக்கிக் குடு...

— டிவி போய் ரொம்ப நாளாச்சு.

— நல்லது. காலைல இன்னும் சீக்கிரம் எழுந்தா...

— நான் தூங்கவே இல்லப்பா, எங்கேர்ந்து எழுந்துக்கிறது?

— என்ன?

— போன வருஷம் முழுக்க அப்படித்தான். அம்மா டீயக் கொண்டு வந்து வைப்பாங்க, கதவச் சாத்திட்டு வெளிய உக்காந்துக்குவாங்க. நான் பாத்ரூம் போனாக்கூட செருப்புச் சத்தம் பின்னாடியே வரும். அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ரெண்டு பேரும் போகல. நான் படிக்கிறேனாம். படுத்தா அந்தக் கிடங்குதான் வரும். உள்ள நீங்க நிப்பீங்க. சாவி என்கிட்ட இருக்கும். எந்தப் பூட்டுக்கும் சேராது.

— ஏன் சொல்லல இதெல்லாம்?

— எப்பச் சொல்றது? வந்தா பேனாவ எடுங்கிறீங்க. ரெண்டாவது தடவ எழுதினப்ப என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா? கேள்வித்தாள்ல ஒரு கேள்வி. ஒரு கடை. முதலாளி கதவப் பூட்டச் சொல்றார். உள்ள தீப்பிடிக்குது. யார் பொறுப்பு? நாலு பதில் கொடுத்து ஒண்ணக் குறிக்கச் சொல்றான். சின்னப் புள்ளைங்ககூட போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். நான் அதுலயே உக்காந்துட்டேன். வேர்த்து ஊத்துது. மேற்பார்வைக்கு நின்ன டீச்சர் வந்து தோளத் தொட்டப்பதான் மணி அடிச்சதே தெரிஞ்சுது. கொஞ்சத்துல போச்சுன்னு உங்ககிட்ட சொன்னது பொய். பாதித் தாள் வெள்ளையா இருந்துச்சு.

— என் கேஸு கேள்வியா வந்துச்சு, நீ போடலயா?

— உங்க கேஸுங்கிறதாலதான் போட முடியல!

— அழாத. எல்லாரும் பாக்குறாங்க. அழாத வக்கீலம்மா.

— அப்படிக் கூப்பிடாதீங்கப்பா.

— சரி. சரி. இந்த வருஷம் என்ன ஆச்சு? இந்த வருஷமும் அப்படித்தானா?

— பரிட்சைக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இதயத்துல ஏதோன்னு நெனச்சேன். டாக்டரம்மா எல்லாம் பாத்துட்டு, இதயம் நல்லாத்தான் இருக்கு, பரிட்சைல நீ தோத்தா யார் செத்துப்போவாங்கன்னு கேட்டாங்க. உங்க கதைய எல்லாம் கொட்டிட்டேன். ஓன்னு அழுதுட்டேன். கொஞ்ச நாள் அப்பாவப் பாக்கப் போகாத, வேளாவேளைக்குச் சாப்பிடு, சாயங்காலம் வெளிய நட, ராத்திரி புத்தகத்த மூடிட்டுப் படுன்னாங்க.

— அதான் வரலயா நீ.

— அதான் வரல.

— நான் ஏதோ உடம்பு சரியில்லன்னு நெனச்சேன். அம்மாகிட்ட கேட்டா, படிக்கிறா படிக்கிறான்னா.

— வராத அந்த ரெண்டு மாசமும் நான் தூங்கினேன்ப்பா. அதச் சொல்றதுக்கு எனக்கு எவ்வளவு கூச்சமா இருக்கு தெரியுமா?

— தூங்கியும் வரலயே பரிட்சை.

— வரல. இனி எழுதவும் போறதில்ல.

— என்ன பேசுற?

— முடியாதுப்பா. இதோட போதும்.

— ஒரே ஒரு தடவ. ஒரு தடவ பாத்துட்டு விட்டுடு.

— முடியாது.

— அப்ப நான்? என்னை யார் வெளிய கொண்டு போறது? நீ பரிட்சை எழுதலன்னா நான் இங்கயே கெடந்து சாகணுமா?

— இதத்தாம்ப்பா ஒவ்வொரு கேள்விக்கும் நான் என்னையே கேட்டுக்கிட்டிருந்தேன்.

— ...

— அப்பா, ரிசீவரக் காதுல வைங்க. கீழ வைக்காதீங்க. அப்பா!

— லைப்ரரி, புள்ள கூப்பிடுது பாரு. பேசு. கொஞ்ச நேரம்தான் இருக்கு.

— ...கேக்குது. இருக்கேன்.

— கோவமாப்பா?

— கோவமெல்லாம் இல்ல. பாப்பா... நீ ஏன் இப்படி எளச்சுப் போயிருக்க? தோள்பட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்குது. முடிய வெட்டிட்டியா?

— கொட்டிச்சு. அதான் வெட்டிட்டேன். இப்பக் கொஞ்சம் தேவல, முன்னாடி நீங்க பாத்திருக்கணும்.

— முன்னாடியும் பாத்தேனே. வாராவாரம் எதிர்ல உக்காந்து பாத்தேனே. என் கண்ணுல படலயே. இந்தக் கண்ணாடில என் மூஞ்சிதான் தெரிஞ்சிருக்கு போல.

— அப்படில்லாம் சொல்லாதீங்க.

— இல்ல, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அன்னிக்கு முதலாளி பூட்டுன்னான். தப்புன்னு எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல. சாவிய அவன் எடுத்துட்டுப் போறத வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னேன். அவன் சொன்னதுக்காக உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டான். இப்ப என்ன பண்ணியிருக்கேன்? நானே முதலாளி மாதிரி உன்னை உள்ள வச்சு... சே.

— அப்பா, போதும்.

— சாப்பிட்டியா?

— என்னது?

— காலைல ஏதாவது சாப்பிட்டுட்டு வந்தியான்னு கேக்குறேன்.

— பஸ் ஸ்டாண்டுல டீயும் பன்னும்.

— அதென்ன சாப்பாடு. போறப்ப ஒழுங்காச் சாப்பிடு. அந்த வக்கீலம்மா எப்படி? மத்தவனுங்க மாதிரி தோள்ல கை போட்டுப் பேசுற ஆளா?

— சிரிக்கவே மாட்டாங்கப்பா. மொத நாளே, ஜெயிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், எதிர்பாக்காதன்னுட்டாங்க. ஜெராக்ஸ் ஒரு பக்கம் சாஞ்சிருந்தாக்கூட திருப்பி எடுக்கச் சொல்வாங்க.

— அப்படின்னா சரி. சாஞ்ச பக்கத்தப் பாத்துக் கோவப்படுறவங்க கட்டு முழுக்கப் படிச்சிருப்பாங்க. சார்... சார், அந்தப் பேனாவக் கொஞ்சம் கொடுங்க.

— நெசமாவே போடுறியா லைப்ரரி? ரெண்டு வக்கீல வெரட்டுன ஆளு நீ.

— போடுறேன் சார். எங்க, இங்கயா? இதுலயும் ஒண்ணா? பாப்பா, அவங்ககிட்ட சொல்லு, லோடுமேன மெரட்டிக் கேக்கக் கூடாது. அவன் பயந்த சுபாவம். மெதுவாக் கேட்டா எல்லாம் சொல்லுவான்.

— சொல்றேன்ப்பா.

— அப்புறம் அந்தத் தீர்ப்பு. சாவி வேற, பூட்டு வேறன்னு. அதையும் சொல்லிடு. தெரிஞ்சிருக்கும் அவங்களுக்கு, இருந்தாலும் சொல்லிடு.

— கண்டிப்பாச் சொல்றேன்.

— போட்டாச்சு. இந்தாங்க சார். கை லேசாயிடுச்சு. நீ சொல்லு, நீ என்ன பண்ணப் போற? ஜெராக்ஸ் கடையிலயே இருக்கப் போறியா?

— பாக்கலாம்ப்பா.

— என்ன வேணா பண்ணு. ஒண்ணும் பண்ணாம கொஞ்ச நாள் சும்மாவும் இரு. அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன்னு சொல்லு, பரிட்சை போனாப் போகுது, புள்ளையத் திட்டாத, கதவுக்கு வெளிய உக்காராதன்னு. அடுத்த தடவ வந்தா சட்டம் பேச மாட்டேன். வேற ஏதாவது பேசுவோம். என்ன பேசுறதுன்னுதான் தெரியல.

— நான் யோசிச்சுட்டு வரேன்.

— லைப்ரரி, எழுந்துக்க. நேரம் முடிஞ்சிடுச்சு. ஏம்மா, உன் பேப்பர் அந்தப் பக்கம் கவுண்டர்ல வந்துடுச்சு பாரு. வாங்கிக்கிட்டுக் கெளம்பு.

— வாங்கிட்டேங்க சார்.

— ரெண்டு எடத்துலயும் போட்டிருக்கேனா பாரு. விட்டுப் போச்சுன்னா மறுபடி அலையணும்.

— ரெண்டுலயும் இருக்குப்பா. முத்திரையும் இருக்கு. மேடம் இன்னிக்கே கோர்ட்டுல கொடுத்துடுவாங்க.

— அப்ப சரி. வச்சுடட்டா?

— வைக்காதீங்க. ஒரு நிமிஷம். சார், ஒரே ஒரு நிமிஷம், ப்ளீஸ்.

— என்னடா?

— எனக்கு சட்டக் கல்லூரியில எடம் கெடச்சிடுச்சுப்பா. போன வாரமே தெரியும். நீங்க போட்ட கையெழுத்து காயட்டும்னுதான் சொல்லாம இருந்தேன்.